கால்நடை மருத்துவம் முதலாண்டு: சேர்வதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டியவை

பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாலுகாவில், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்தவள் நான். பத்தாவது வரை தமிழ் மீடியம். வீட்டில் எப்போதும் இரண்டு கறவை மாடாவது இருக்கும். கேரளத்தில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பி.வி.எஸ்.சி.யில் இடம் கிடைத்தபோது, "மாட்டோட வளர்ந்த பிள்ளை, இதுக்கு என்ன கஷ்டம் வரப்போகுது" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். முதல் மூன்று மாதத்தில் என்னை அழ வைத்தவை மூன்று: ஒரு சான்றிதழ், போடாமல் விட்ட ஊசி, பெயர் தெரியாத எலும்புகள். கடைசி வாரத்தில் எவ்வளவு காசு கொடுத்தாலும் இந்த மூன்றையும் சரிக்கட்ட முடியாது.

இந்த வருடம் எங்கள் தெருவிலிருந்து இன்னொரு பெண் சேரப் போகிறாள். அவளுடைய அம்மா வந்து "என்னென்ன வாங்கணும் சொல்லு" என்றார். வாங்குவதைவிட முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. எல்லைக்கு எந்தப் பக்கம் என்று முதலில் தெளிவாகுங்கள்

படிப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஓராண்டு பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடம். சேர்க்கை முறைதான் வேறு.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறது. கேரளத்தில் மண்ணுத்தி, பூக்கோடு கல்லூரிகளுக்கு நீட் மதிப்பெண் வேண்டும். இவை தவிர 15 சதவீத அகில இந்திய இடங்கள் உண்டு. அவற்றை இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் நீட் மதிப்பெண்ணை வைத்துத் தனியாக நிரப்புகிறது. அதற்குத் தனி விண்ணப்பம்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. கேரள இடத்துக்கு நீட் எழுதினால் மட்டும் போதாது. மாநில நுழைவுத்தேர்வு ஆணையரின் கீம் (கேரளத்தின் பொது நுழைவுத்தேர்வு) விண்ணப்பத்தை நீட் தேர்வுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். "எனக்கு எஞ்சினியரிங் வேண்டாமே, கீம் எதுக்கு" என்று விட்டுவிட்டு, நல்ல நீட் மதிப்பெண்ணோடு ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். விண்ணப்பத்தில் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கான கட்டத்தையும் டிக் செய்திருக்க வேண்டும். நீட் முடிவு வந்த பிறகு, அந்த மதிப்பெண்ணை ஆணையரின் தளத்தில் நீங்களே போய்ச் சமர்ப்பிக்க வேண்டும். அது தானாகப் போய்ச் சேராது. இதற்குக் கொடுக்கும் அவகாசம் கொஞ்ச நாள்தான்.

சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். ஒரு வருடம் முன்னதாகவே பள்ளியில் சேர்த்துவிடப்பட்டவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பிறந்த இடம்: எல்லைக்காரர்களின் தனிச் சிக்கல்

எங்கள் பக்கத்தில் பிரசவத்துக்குப் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போவது சாதாரணம். நானும் பொள்ளாச்சியில் பிறந்தவள்தான். மூன்று தலைமுறையாகக் கேரளத்தில் வீடும் நிலமும் இருந்தாலும் என் பிறப்புச் சான்றிதழில் இருப்பது தமிழ்நாடு. கேரளத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த இடம் அச்சிட்ட எஸ்.எஸ்.எல்.சி. பக்கமே நேட்டிவிட்டிக்கு, அதாவது கேரளத்துக்காரர் என்று காட்ட, போதும். எனக்கு அது உதவவில்லை. சரிபார்ப்பு அன்று மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் இதையே தெரிந்துகொண்டேன்.

எனக்குக் கைகொடுத்தது அப்பாவின் பழைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். அதில் அவர் பிறந்த இடம் கேரளம் என்று இருந்தது. அதோடு அவருக்கும் எனக்கும் உள்ள உறவைக் காட்டும் சான்றிதழ் ஒன்றும் வைத்தோம். பெற்றோர் இருவரில் ஒருவருக்காவது இப்படி ஓர் ஆவணம் இருக்கிறதா என்று இன்றே பெட்டியைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் வில்லேஜ் ஆபீசில் நேட்டிவிட்டி வாங்க வேண்டும். அட்சயா மையத்தில் (கேரளத்து இ-சேவை மையம்) பதிவு செய்து, விசாரணை முடிந்து, கையில் வருவதற்குள் நாள் ஓடிவிடும். ரேஷன் கார்டு, நிலவரி ரசீது, பள்ளிச் சான்று மூன்றையும் கையோடு எடுத்துப் போனால் இரண்டாவது நடை மிச்சம்.

அடுத்தது பெயர். தமிழ்நாட்டுப் பக்கம் இனிஷியல் முன்னால் வரும், கேரளத்தில் பின்னால் வரும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட 'ஒன் அண்ட் த சேம்' சான்றிதழ் என்று ஒன்றை வில்லேஜ் ஆபீசில் கொடுப்பார்கள். பிளஸ் டூவைப் பொள்ளாச்சி, கோவைப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சாதிச் சான்று பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே சாதி இரண்டு மாநிலப் பட்டியலிலும் ஒரே பிரிவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழை வைத்து இன்னொரு மாநிலத்தில் இடஒதுக்கீடு கேட்கவும் முடியாது. கேரளத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கு வில்லேஜ் ஆபீசர் தரும் கிரீமி லேயர் (வசதி படைத்தோர்) அல்லாதோர் சான்று வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குத் தாசில்தார் தருவது வேண்டும். வாங்கும்போதே எந்தத் தேவைக்கு என்று சொல்லி வாங்குங்கள். வேறு காரியத்துக்கு வாங்கிய பழைய சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

3. கல்லூரிக்கு எடுத்துப் போகும் ஃபைல்

ஒதுக்கீட்டுக் கடிதம், கட்டணம் கட்டிய ரசீது, நீட் ஹால் டிக்கெட்டும் மதிப்பெண் அட்டையும், பத்தாவது மற்றும் பிளஸ் டூ சான்றிதழ்கள், டி.சி., நன்னடத்தைச் சான்று, மேலே சொன்ன சான்றுகள், மருத்துவர் கையெழுத்திட்ட உடல் தகுதிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் அளவுப் படம் ஒரு டஜன். வேறு மாநில போர்டில் பிளஸ் டூ படித்திருந்தால் மைக்ரேஷன் சான்றிதழும் கேட்பார்கள். மதிப்பெண் பட்டியல் வந்த வாரமே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

உடல் தகுதிச் சான்றைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்காதீர்கள். சேர்க்கைக் கையேட்டில் (பிராஸ்பெக்டஸ்) கொடுத்திருக்கும் மாதிரிப் படிவத்தை அச்செடுத்து அதில்தான் வாங்க வேண்டும்.

அசலை ஒப்படைப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஐந்து செட் நகலெடுத்து, போனிலும் ஸ்கேன் செய்து வையுங்கள். அசல் கல்லூரிக்குப் போனபிறகுதான் உதவித்தொகைக்கும், வங்கிக் கடனுக்கும், ஹாஸ்டலுக்கும் நகல் கேட்கத் தொடங்குவார்கள். ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியை மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று என ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதை வீட்டிலிருந்தே முடித்து அச்செடுத்துப் போங்கள்.

4. ஊசி: இதைத் தள்ளிப் போடவே கூடாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பு ஊசி மூன்று டோஸ்: முதல் ஊசி போடும் நாள், அதிலிருந்து ஏழு நாள் கழித்து, அப்புறம் 21 அல்லது 28 நாள் கழித்து. கணக்குப் போட்டால் ஒரு மாதம் ஆகிறது. சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நான் விட்டேன். சேர்ந்தபின் வகுப்பு, பண்ணை, ஹாஸ்டல் என்று ஓடியதில் இரண்டாவது டோஸ் நாள் தவறியது. அதற்குள் ஒரு நாள் மாலை, ஹாஸ்டல் வாசலில் சோறு வைத்துப் பழக்கிய குட்டி நாய் விளையாட்டாகக் கையைக் கவ்வியது. லேசான கீறல்தான். ஆனாலும் அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. பாதுகாப்பு முழுசாக இல்லாததால் முழுச் சிகிச்சையும் எடுக்க வேண்டி வந்தது.

முன்தடுப்பு முழுசாகப் போட்டவருக்குப் பின்னால் கடி பட்டால் இரண்டே ஊசி போதும், தொடங்கும் நாளில் ஒன்று, அதிலிருந்து மூன்று நாள் கழித்து ஒன்று. காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. இரண்டு நிலையிலும் செய்ய வேண்டிய முதல் வேலை, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. முதலாண்டில் நாயைத் தொடவே மாட்டோமே என்று நினைக்காதீர்கள். வெறிநோய் மாட்டுக்கும் வரும், ஆட்டுக்கும் வரும். நோய் வந்த மாட்டைப் பார்த்து, அதன் வாயில் ஏதோ சிக்கிக்கொண்டது என்று நினைத்துக் கையை விட்டுப் பார்ப்பதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். அதை இன்றோடு விடுங்கள்.

எனக்குத் தனியார் மருத்துவமனையில் ஒரு டோஸுக்கு 400 ரூபாய்க்குள் ஆனது. போட்ட தேதிகளை எழுதிய அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதே நடையில் டெட்டனஸுக்கான டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கால்பெல் (அறுவைக் கத்தி), ஆணி, சாணி மூன்றும் ஒன்றாகப் புழங்கும் இடம் அது.

5. பணம்

கல்விக் கட்டணம் எவ்வளவு என்பது ஒதுக்கீட்டுக் கடிதத்திலேயே இருக்கும். கடைசித் தேதிக்குள் கட்டவில்லை என்றால் அந்த இடம் போய்விடும், விருப்பப் பட்டியலில் அதற்கு மேல் கொடுத்திருந்த கல்லூரிகளும் சேர்ந்து போய்விடும். கடைசி நாள் மாலை சர்வர் மெதுவாகிவிடும். அதனால் ஒரு நாள் முன்பே கட்டுங்கள். தகுதியுள்ள பிரிவினர் கேரள அரசின் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகைக்குச் சேர்ந்த உடனே பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கு மாணவர் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்க வேண்டும். அப்பா பெயரில் உள்ள கணக்கு இதற்கு உதவாது.

உதவித்தொகை வரும், ஆனால் தாமதமாக வரும். முதல் மூன்று மாத மெஸ் பணத்தைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்ற செலவைத் தொடங்க வேண்டும்.

6. வாங்குவதும் வாங்காமல் இருப்பதும்

வெள்ளைக் கோட் இரண்டு, முழங்கால் வரை வரும் கம்பூட் ஒரு ஜோடி, டிசெக்‌ஷன் பாக்ஸ், கையுறை ஒரு பெட்டி, ரெக்கார்டு நோட்டுகள், சிவப்பு, நீலம், மஞ்சள் கலர் பென்சில்கள். ரெக்கார்டில் தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள். எனக்கு எல்லாம் சேர்த்து 2,500 ரூபாயை ஒட்டி வந்தது.

டிசெக்‌ஷன் பாக்ஸ் வாங்கும்போது ஸ்கால்பெல் பிடியின் எண்ணைப் பாருங்கள். மூன்றாம் எண் பிடிக்கு 10 முதல் 15 வரையிலான பிளேடுதான் பொருந்தும். நான்காம் எண் பிடிக்கு 20 முதல் 25 வரை. நான் மூன்றாம் எண் பிடியோடு 22-ஆம் எண் பிளேடு ஒரு பாக்கெட் வாங்கிப் போய், முதல் டிசெக்‌ஷன் அன்று பக்கத்து மேசையில் கேட்டு வாங்கினேன். மாட்டுத் தோலுக்கும் தசைக்கும் நான்காம் எண்தான் வசதி. இடுக்கி இரண்டு வகை வேண்டும்: முனை மழுங்கியது ஒன்று, பல் வைத்தது ஒன்று.

கம்பூட் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மழைக்காலத்தில் மாட்டு மூத்திரமும் தண்ணீரும் தேங்கிய தளத்தில் காலில் ஒரு வெடிப்போடு நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம். எலிப்பனி என்று கேரளத்தில் எல்லாருக்கும் தெரிந்த நோய்தான். பூட்டுக்குள் போட இரண்டு ஜோடி நீளக் காலுறையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

புத்தகம் வாங்காதீர்கள். தடித்தடியான உடற்கூறு நூல்கள் நூலகத்தில் உண்டு, சீனியர்கள் பாதி விலைக்குத் தருவார்கள். எந்த ஆசிரியர் எதைப் பின்பற்றுகிறார் என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஸ்டெதஸ்கோப்பும் இப்போது தேவையில்லை.

7. எலும்பு

முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், கால்நடை உற்பத்தி மேலாண்மை எல்லாம் உண்டு. ஆனால் உங்கள் நேரத்தில் பாதியை உடற்கூறு தின்றுவிடும். அது எலும்பிலிருந்து தொடங்கும். மாட்டை அடிப்படையாக வைத்துச் சொல்லிக்கொடுத்து, குதிரை, நாய், பன்றி, கோழி எப்படி வேறுபடுகின்றன என்று ஒப்பிடுவார்கள். விலா எலும்பு மாட்டுக்கு 13 ஜோடி, குதிரைக்கு 18 ஜோடி. இப்படி.

நான் பிளஸ் டூவுக்குப் படித்த மாதிரி நோட்ஸை மனப்பாடம் செய்தேன். செய்முறைத் தேர்வில் எலும்பைக் கையில் கொடுத்து "இடதா வலதா" என்று கேட்டபோது வாய் திறக்கவில்லை. அதன்பிறகு ஒரு அக்கா, எனக்கு இரண்டு வருட சீனியர், என்னை எலும்பு அறைக்குக் கூட்டிப் போய், கண்ணை மூடச் சொல்லி, மாட்டின் தோள்பட்டை எலும்பு ஒன்றைக் கையில் வைத்தார். தடவிக்கொண்டே சொல்லச் சொன்னார்.

முக்கோணப் பலகை மாதிரி இருக்கும், அதுதான் ஸ்காபுலா. ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கத்தில் நீளமாக ஒரு மேடு. மேடு இருக்கும் பக்கம் உடம்பின் வெளிப்பக்கம். குறுகிய நுனியில் கட்டைவிரல் பதியும் குழி ஒன்று இருக்கிறது. மேல்கை எலும்பு வந்து பொருந்தும் இடம் அது. எனவே அது கீழே. மேடு நட்டநடுவில் இல்லை, ஒரு விளிம்பை ஒட்டி ஓடுகிறது. அந்த விளிம்பு முன்பக்கம். வெளி எது, கீழ் எது, முன் எது என்று மூன்றும் தெரிந்துவிட்டால் இடதா வலதா என்பது தானாக வரும். மேட்டின் கீழ்நுனி கூராக நீட்டிக்கொண்டிருந்தால் மாடு. குதிரையில் அந்த நீட்டல் கிடையாது.

பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். ஒரு மாதப் படிப்பு அந்தப் பத்து நிமிடத்தில் என் விரலுக்கு வந்தது. ஒவ்வோர் எலும்பையும் இப்படித்தான் படிக்க வேண்டும். முதலில் கையால், அப்புறம் படமாக வரைந்து, கடைசியில்தான் நோட்ஸ்.

டிசெக்‌ஷன் ஹாலைப் பற்றி: உடல்களை ஃபார்மலினில் பதப்படுத்தி வைத்திருப்பார்கள். கண் எரியும், மூக்கில் நீர் வடியும். முதல் வாரம் எல்லாருக்கும் அப்படித்தான். காலையில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று கண்ணாடிக்கு மாறுங்கள். தலைமுடியை இறுக்கிக் கட்டுங்கள். ஹாலுக்கென்று ஒரு பழைய உடை வைத்து அதைத் தனியாகத் துவையுங்கள். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் வெட்கப்படாமல் வெளியே வந்து உட்காருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

8. மொழி: மூன்றையும் கலந்தே படியுங்கள்

பாடம் ஆங்கிலத்தில். பண்ணையில் பேச்சு மலையாளத்தில். நம் மனசில் ஓடுவது தமிழ். தமிழ் மீடியத்திலிருந்து வருபவர்கள் இதை நினைத்துப் பயப்பட வேண்டாம். உடற்கூறுச் சொற்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்கம். ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்கும் அவை புதுசுதான்.

நான் ஒரு சின்ன நோட்டில் மூன்று பத்தி போட்டேன். நாம் மடி என்பது அங்கே அகிடு. மடிநோய் அகிடுவீக்கம். கோமாரி குளம்புரோகம். தொழுவம் தொழுத்து. சினை, செனை. மாடு பருவத்துக்கு வந்திருப்பதை மதி என்பார்கள். பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதுங்கள். விவசாயி மலையாளத்தில் சொல்வது ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கும்போது உங்களுக்குச் சட்டென்று தொடர்புபட வேண்டும். எல்லையில் வளர்ந்த நமக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும்.

9. சேரும் வரை, வீட்டு மாட்டோடு

காத்திருக்கும் வாரங்களில் பாடப்புத்தகம் எடுக்க வேண்டாம். மாட்டைப் பாருங்கள். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

மாட்டின் இடப்பக்கம், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்து நில்லுங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து மெதுவாக ஒரு தள்ளல் வந்து உங்கள் கையைத் தூக்கிவிட்டு இறங்கும். அதுதான் முதல் இரைப்பையின் அசைவு. நல்ல மாட்டில் நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். பதினேழு வருடம் அந்த மாடுகளோடு இருந்தும் நான் ஒருமுறைகூட அங்கே கை வைத்துப் பார்த்ததில்லை. வாலின் அடிப்பக்கத்தில் விரல் வைத்து நாடி எண்ணுங்கள். கீழுதட்டை இறக்கிப் பாருங்கள்: முன்பற்கள் கீழே எட்டு, மேலே ஒன்றும் இல்லாமல் கெட்டியான ஈறு மட்டும். உடல் வெப்பம் சுமார் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதையும் மனசில் போட்டுக்கொள்ளுங்கள். நமக்கு அது காய்ச்சல், மாட்டுக்கு அது இயல்பு.

வீட்டு மாடு உங்களுக்கு அடங்கும். பண்ணை மாட்டுக்கு உங்களைத் தெரியாது. அதனால் பின்னாலிருந்து போய்த் தொடும் பழக்கம் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். குரல் கொடுத்துக்கொண்டே பக்கவாட்டில் போய், முதலில் தோளில் கை வைக்க வேண்டும்.

10. ஹாஸ்டல், வருகைப் பதிவு

மண்ணுத்தி திருச்சூருக்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து பஸ் ஏறினால் குதிரான் சுரங்கம் தாண்டி இறங்கிவிடலாம். பூக்கோடு வயநாட்டு மலை மேல். அங்கே போகிறவர்கள் ஸ்வெட்டரும் கனமான போர்வையும் எடுத்துப் போங்கள். மழையில் துணி காயாது, உள்ளாடையும் காலுறையும் இரட்டிப்பாக வேண்டும்.

வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. தியரிக்கும் செய்முறைக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். அதிகாலைப் பண்ணை வகுப்புகளில்தான் பலருக்கு இது குறையும். வீட்டுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை மாலையே திரும்பிவிடுங்கள், திங்கள் காலை பஸ்ஸை நம்ப வேண்டாம்.

யாராவது சீனியர் எல்லை மீறினால் தாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். ராகிங் எதிர்ப்பு உதவி எண் 1800-180-5522. வீட்டிலும் ஒருவருக்கு இந்த எண் தெரிந்திருக்கட்டும். அப்படியே, படிப்பில் உதவும் சீனியரும் அதே ஹாஸ்டலில்தான் இருப்பார். எனக்கு அந்த அக்கா கிடைத்த மாதிரி.

11. தாமதமாகச் சேர்ந்தால்

ஒதுக்கீடு சுற்றுச் சுற்றாக நீளும். கடைசிச் சுற்றில் சேர்கிறவர்கள் உள்ளே போகும்போது வகுப்புகள் வாரக்கணக்கில் ஓடியிருக்கும். விட்டுப்போன எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடிக்கப் பார்க்காதீர்கள். முன்கால் எலும்புகளை முதலில் முடியுங்கள். அவை தெரியாமல் அன்றன்று நடக்கும் டிசெக்‌ஷன் எதுவும் விளங்காது. உயிர்வேதியியலின் தொடக்கம் பிளஸ் டூ பாடத்தின் தொடர்ச்சிதான், அது ஒரு வாரம் காத்திருக்கும். ரெக்கார்டு நோட்டை மட்டும் யாரிடமாவது வாங்கி அன்றே வரையத் தொடங்குங்கள். எலும்பு அறை மாலையில் எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். எங்களுக்கு ஐந்து மணி. அங்கிருந்த அட்டெண்டர் சேட்டனிடம் கேட்டால், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.